தகப்பன் இல்லை, பெரியப்பா

ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் மாதா கொடி ஏறும். அதற்கு ஒரு வாரம் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய கூட்டம் நடந்து வரத் தொடங்கிவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு சின்னத் தேர். தேருக்குள் மாதா, மாதாவைச் சுற்றி சீரியல் பல்பு, அடியில் ஜெனரேட்டர், பின்னால் ஆளுயர ஸ்பீக்கர். ஓடுவது மாதா பாட்டுதான். ஆனால் பாட்டுக்கு அடியில் போகிற அடி கோயில் அடி இல்லை. டும், டும், டும், டும் என்று ஒரே சீராக, மூச்சு விடாமல் போகிற அடி. நாள்கணக்கில் நடந்து பாதம் வெடித்தவர்கள்கூட எங்கள் ஊர் எல்லை வந்ததும் அதற்கு ஆடிக்கொண்டேதான் நுழைவார்கள்.

நான் கீபோர்டு வாசிப்பவன். அப்பா மைக் செட் வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி, ரெக்கார்டு ப்ளேயரைத் துணி போட்டுத் துடைத்து, முள்ளை வைக்கும் வேலையை எட்டு வயதிலிருந்து செய்திருக்கிறேன். பிறகு பூசைக்கு வாசித்தேன், லைட் மியூசிக் ட்ரூப்பில் சேர்ந்து நாகப்பட்டினம், திருவாரூர், வேதாரண்யம் என்று கல்யாண மேடைகளில் வாசித்தேன். இப்போது பழுதான கீபோர்டுகளைப் பிரித்துப் பார்ப்பது பாதி வேலை, வாசிப்பது பாதி வேலை.

போன திருவிழாவில் என் அக்கா மகன் ஒரு தேருக்கு சவுண்டு போட்டுக்கொண்டிருந்தான். டீ குடிக்க வந்தவன் கேட்டான்.

“மாமா, இந்த அடிய மொதல்ல போட்டது யாரு தெரியுமா? நம்ம ஆளு. பம்பாய்ல ஒரு சர்தார்ஜி. 1982லயே போட்டுட்டாரு. வெள்ளக்காரன் அஞ்சு வருஷம் கழிச்சுதான் கண்டுபிடிச்சான்.”

‘நம்ம ஆளு’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வந்துவிடும். விமானத்தையும் நாம்தான் கண்டுபிடித்தோம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. ஆனால் இவன் சொன்னதைத் தோண்டிப் பார்த்தபோது, வழக்கமான பெருமைப் பேச்சைவிட இதில் சரக்கு அதிகம் இருந்தது. பிழையும் இருந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பத்து ராகம், ஒரு டிஸ்கோ

அந்த சர்தார்ஜியின் பெயர் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிடார், பேஸ் கிடார், ஸ்டீல் கிடார், கீபோர்டு என்று கைக்கு வந்ததையெல்லாம் வாசித்தவர். ஆர்.டி.பர்மன் போன்றவர்களின் பாட்டுகளில் அவருடைய வாசிப்பு இருக்கிறது. சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்துத் தனி இசைத்தட்டுகளும் போட்டார், கல்யாணங்களுக்கும் வாசித்தார். எங்கள் ட்ரூப் ஆட்களைப் போன்ற ஆள்தான், மேடை மட்டும் பெரிது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் போனவர், அங்கே கடைக்குப் புதிதாக வந்திருந்த ஜப்பான் ரோலண்ட் கம்பெனி சாமான்களை வாங்கிக்கொண்டு வந்தார். டிஆர்-808 என்ற தாளப் பெட்டி, டிபி-303 என்ற பேஸ் பெட்டி, ஜூப்பிட்டர்-8 என்ற சிந்தசைசர். அப்போது இந்தி சினிமா முழுக்க டிஸ்கோ. எல்லாரும் டிஸ்கோ போடுகிறார்களே, நாம் தபலாவை எடுத்துவிட்டு டிஸ்கோ அடியின் மேல் ராகங்களை வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1982இல் பதிவு செய்த அந்த இசைத்தட்டை எச்எம்வி வெளியிட்டது. பெயர், ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. பெயரிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது.

தட்டு விற்கவில்லை. பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2002 வாக்கில் இந்தியாவில் பழைய இசைத்தட்டு தேடி அலைந்த எடோ போமன் என்ற டச்சுக்காரர் கையில் ஒரு பிரதி சிக்கியது. போட்டுக் கேட்டவர் திகைத்துவிட்டார். கேட்டது அச்சு அசலாக ‘ஆசிட் ஹவுஸ்’. அந்த வகை 1987இல் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தது என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. தட்டின் உறையிலோ ஐந்து வருடம் முந்தைய தேதி. போமன் மும்பைக்கே போய் சரண்ஜித் சிங்கைச் சந்தித்தார். 2010இல் தன் பாம்பே கனெக்ஷன் நிறுவனத்தின் மூலம் தட்டை மறுபடி வெளியிட்டார். யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய தேதி போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங் ஐரோப்பாவுக்குப் போய், பேரப்பிள்ளை வயதுப் பையன்களுக்கு முன்னால் அதே ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

மொட்டை மாடியில் இந்தோளம்

தட்டில் உள்ள ராகங்களின் பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். பூபாளி என்று இருப்பது நம் மோகனம். மால்கவுன்ஸ் நம் இந்தோளம். யமன் நம் கல்யாணிக்கு ஒட்டிய உறவு. பைராகி நம் ரேவதி. கலாவதி என்றால் வலஜியை நினைத்துக்கொள்ளுங்கள். லலித், மதுவந்தி, மேக் மல்ஹார் எல்லாம் உண்டு.

அக்கா மகன் கேட்ட அன்று ராத்திரி கூட்டம் ஓய்ந்தபின் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். மச்சான் ஒருவர், அக்கா மகன், திருப்பூண்டிப் பக்கத்து நாயனக்காரர் ஒருவர். அவர் கோயிலுக்கு வாசிப்பவர், எனக்குப் பல வருடப் பழக்கம். கைபேசியை ஸ்பீக்கரில் மாட்டித் தட்டை முழுவதும் போட்டோம்.

“தோடின்னு போட்டிருக்காங்கண்ணே, கேளுங்க” என்றான் பையன்.

நாயனக்காரர் அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை. “இதுவாடா தோடி? இது சுபபந்துவராளி. தோடின்னா என்னன்னு திருவாவடுதுறைப் பக்கம் போய்க் கேளு.”

அவர் சொன்னது சரி. இந்துஸ்தானித் தோடி நமக்குச் சுபபந்துவராளி. நம் தோடியின் ஸ்வரங்கள் அங்கே பைரவி என்ற பெயரில் உலவுகின்றன. டி.என்.ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்த மண்ணில் நின்றுகொண்டு தோடி என்ற பெயரை வேறொன்றுக்குச் சூட்டினால் கோபம் வரத்தான் செய்யும்.

பையனின் கைபேசியில் 303 பெட்டியைப் போலவே ஒலிக்கும் செயலி ஒன்று இருந்தது. நாங்களே ஒன்று போட்டுப் பார்த்தோம். அந்தப் பெட்டியின் கணக்கு எளிது. பதினாறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஸ்வரம் வைக்கலாம், காலியாகவும் விடலாம். பதினாறு முடிந்ததும் மறுபடி முதல் கட்டம். விடிய விடியச் சுற்றும். இந்தோளத்தை எடுத்துக்கொண்டோம். ஆறு கட்டைச் சுருதி வைத்தால் ச, க, ம, த, நி ஐந்தும் வெள்ளைக் கட்டையிலேயே வந்துவிடும், கறுப்பைத் தொடவே வேண்டாம். ஸ்வரங்களை வரிசையாக வைத்தோம். அடியில் டும் டும் போட்டோம். பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது.

பிறகு இரண்டு விஷயம் செய்தோம். அந்தப் பெட்டியில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி உண்டு. அதை ஒரு கட்டத்தில் போட்டுவிட்டால் அந்த ஸ்வரம் அடுத்ததற்கு வெட்டாமல் வழுக்கிப் போகும். மத்யமத்திலிருந்து தைவதத்துக்கு அதைப் போட்டோம். அடுத்து, ஒலியின் வாயைத் திறந்து மூடுகிற ஒரு திருகு உண்டு. மூடி வைத்தால் தலையணைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். திறக்கத் திறக்க ‘ம்ம்வ்வாவ்’ என்று பிளிறும். பையன் அதை மெல்லத் திருக ஆரம்பித்தான். அவ்வளவுதான். மாடியில் இருந்த நாலு பேருக்கும் கால் ஆடத் தொடங்கிவிட்டது. அந்தப் பிளிறலும் வழுக்கலும் சேர்ந்ததுதான் ஆசிட் ஹவுஸ்.

“இந்தோளம் தெரியுது” என்றார் நாயனக்காரர். “வழுக்குறதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஜாரு மட்டுந்தான் தெரியுது. அசைக்கத் தெரியல.”

அதைவிடத் துல்லியமாக ஒரு விமர்சகர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். கமகத்தில் ஜாரு ஒரு வகை, ஓர் ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது. கம்பிதம் இன்னொரு வகை, ஸ்வரத்தைப் பிடித்து அசைப்பது. பெட்டிக்கு முதலாவது மட்டும் வரும். ஆனால் அந்த ஒன்றாவது இதில் வந்தது. ராகம் வாசிக்க நினைத்த ஆளுக்கு இந்தப் பெட்டி ஏன் பிடித்தது என்று மாடியில்தான் எனக்குப் புரிந்தது.

சிகாகோ பையன்கள்

இப்போது மறு தரப்பு. டிபி-303 பெட்டியை ரோலண்ட் கம்பெனி செய்தது ஆட்டம் போட இல்லை. வீட்டில் தனியாகக் கிடார் பழகுபவனுக்குத் துணையாக ஒரு பேஸ் கிடார் வேண்டுமே, அதற்குத்தான். வேலை செய்தவர் ததாவோ கிகுமோட்டோ என்ற பொறியாளர். ஆனால் அது பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை. உள்ளே ஸ்வரங்களை ஏற்றுவதும் பெரும் பாடு. ஸ்வரத்தைத் தனியாகவும் காலத்தைத் தனியாகவும் போட வேண்டும். பேட்டரி போனால் மனப்பாடம் மறந்து கண்டபடி பாடும். 1981இல் வந்த பெட்டியை 1984இல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சுமார் 10,000தான் செய்தார்கள். வாங்கியவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள்.

அப்படி விற்றதில் ஒன்றுதான் சிகாகோவில் மூன்று கறுப்பினப் பையன்கள் கைக்குப் போனது. அக்கா மகன் ‘வெள்ளக்காரன்’ என்றானே, அது அவனுடைய முதல் தப்பு. டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற அந்த மூவரும் ‘ஃபியூச்சர்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெட்டியின் கையேட்டைப் படித்து ஒழுங்காகப் பாட வைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. அது பாட்டுக்கு எதையோ பாட, திருகுகளை மட்டும் முறுக்கிக்கொண்டே போனார்கள். வந்த ஒலியை டேப்பில் பிடித்து, மியூசிக் பாக்ஸ் என்ற ஆட்டக்கூடத்தில் தட்டு போடும் ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். ஹார்டி ஒரே ராத்திரியில் நாலு தடவை அதைப் போட்டாராம். முதல் தடவை ஆடியவர்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள். நாலாவது தடவை கூடம் கொண்டாடியது. அதுதான் 1987இல் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற தட்டாக வந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து முழுவதும் இளைஞர்கள் அந்த ஒலிக்கு ஆடினார்கள்.

இந்தப் பையன்களுக்கு சரண்ஜித் சிங்கைத் தெரியுமா? தெரியாது. அந்தத் தட்டு சொந்த நாட்டிலேயே விற்காதது. சிகாகோவில் ஒருவரும் அதைக் கேட்டதற்கான தடயம் இல்லை. கண்டுபிடிப்பை அவர்கள் இவரிடமிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல வழியே இல்லை.

பிறகு எப்படி இரண்டும் ஒன்றாக ஒலிக்கின்றன? என் பதில் இதுதான். பெட்டி ஒன்று, ஆனால் பெட்டி மட்டும் போதாது. 1983இல் ஸ்காட்லாந்தின் ஆரஞ்சு ஜூஸ் என்ற குழு ‘ரிப் இட் அப்’ பாட்டில் அதே 303ஐப் பயன்படுத்தியது. நல்ல பாட்டு, பிரிட்டனில் பெரிய வெற்றி. அதைக் கேட்டு யாருக்கும் ஆசிட் ஹவுஸ் ஞாபகம் வராது. காரணம், அந்தப் பாட்டில் கார்டு மாறிக்கொண்டே போகும். நம் ராகத்தில் கார்டு கிடையாது. தம்பூரா ஒரே சுருதியில் நிற்கும், அதன் மேல் சில ஸ்வரங்கள் சுற்றிச் சுற்றி வரும். சிகாகோ பையன்களும் அதையேதான் செய்தார்கள், வேறு காரணத்துக்காக. சுருதி மாறவில்லை, பாட்டு நகரவில்லை, ஒலியின் நிறம் மட்டும் மாறியது. ஒருவர் ஆயிரம் வருட சம்பிரதாயத்தின் வழியாக அங்கே போனார். மற்றவர்கள் கையேட்டைப் படிக்காமல் போனார்கள். இருவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

தாத்தா யார்?

ஆகவே சரண்ஜித் சிங்குக்கும் சிகாகோவுக்கும் தகப்பன் பிள்ளை உறவு இல்லை. அதற்காக உறவே இல்லையா என்றால் உண்டு. இருவருக்கும் அப்பா ஒருவர்தான், இன்று ஆடுகிறவர்களுக்கு அவர் தாத்தா.

அந்தத் தாத்தா டிஸ்கோ. ஆட்ட இசையின் அடிப்படை ரொம்ப எளிது. நாலு எண்ணிக்கையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய அடி. நம் கணக்கில் சொன்னால் சதுச்ர ஏகம், தட்டினால் தட்டிக்கொண்டே போகலாம். எழுபதுகளில் நியூயார்க், பிலடெல்பியா பக்கத்துக் கறுப்பின இசையில் இந்த அடி வலுத்தது. அதை முழுக்க இயந்திரத்தில் ஏற்றிக் காட்டியது 1977இல் வந்த ‘ஐ ஃபீல் லவ்’. ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஜார்ஜியோ மொரோடர் செய்தது, பாடியவர் டோனா சம்மர். குரலையும் கிக் டிரம்மையும் விட்டுவிட்டால் மீதி ஏறக்குறைய எல்லாம் மூக் சிந்தசைசர். அதே ஜெர்மனியின் டசல்டார்ஃப் நகரத்தில் கிராஃப்ட்வெர்க் குழு 1974இலேயே ‘ஆட்டோபான்’ என்று நெடுஞ்சாலைக்கு மின்னணுப் பாட்டு கட்டியிருந்தது. அவர்கள் மெட்டை எடுத்து 808 தாளத்தின் மேல் வைத்து 1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டா நியூயார்க்கில் ‘பிளானட் ராக்’ போட்டார். டெட்ராய்ட் பக்கம் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்கள் டெக்னோ வளர்த்ததற்கும் அந்த ஜெர்மன் ஒலி உரம்.

இந்தத் தாத்தாவைக் கொல்லவும் பார்த்தார்கள். 1979 ஜூலை 12 அன்று, அதே சிகாகோவில், பேஸ்பால் மைதானத்தின் நடுவில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ செத்தது என்றார்கள். ஆனால் அந்த ஊரிலேயே வேர்ஹவுஸ் என்ற கூடத்தில், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பு இளைஞர்களுக்காக ஃப்ராங்கி நக்கில்ஸ் தட்டு போட்டுக்கொண்டிருந்தார். வெளியில் செத்ததாகச் சொன்னது அங்கே உயிரோடு இருந்தது. வேர்ஹவுஸ் என்ற பெயரின் வால்தான் ‘ஹவுஸ்’ என்று இந்த இசைக்கே பெயரானது.

இந்தியாவில் தாத்தாவுக்கு யாரும் வெடி வைக்கவில்லை, தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இதிலும் ஓர் உள்சுற்று இருக்கிறது. பெங்களூரில் வளர்ந்து லண்டன் போன பிட்டு என்பவர்தான் 1974இல் உலகம் முழுக்கப் பாடிய ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ பாட்டைத் தயாரித்தார். அவரே 1980இல் ‘குர்பானி’ இந்திப் படத்துக்கு ஒரு டிஸ்கோ பாட்டு போட்டார். பாடியது பாகிஸ்தானைச் சேர்ந்த சிறுமி நாஜியா ஹசன். 1981இல் ‘டிஸ்கோ தீவானே’, 1982இல் பப்பி லஹரியின் ‘டிஸ்கோ டான்ஸர்’. அந்த அலைக்கு நடுவில்தான் சரண்ஜித் சிங் பெட்டியைத் திறந்தார். இந்தியா டிஸ்கோவை வாங்கியது மட்டும் இல்லை, அதை வளர்த்த கைகளில் ஒன்று பெங்களூர்க் கை.

மின்னணு இசை என்று மட்டும் பார்த்தால் கதை இன்னும் பின்னால் போகும். 1969இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் வைத்து ஒரு ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் 1972 வரை அதில் ஒலிகளைச் செய்து பார்த்தார்கள். அந்த டேப்புகள் நாற்பது வருடத்துக்கு மேல் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்கஸ் என்ற இசைக் கலைஞர் தேடி எடுத்து, 2023இல் அவை வெளிவந்தன. அது ஆட வைக்கிற இசை இல்லை, சோதனைக்கூட இசை. என்றாலும் பம்பாய்ப் பெட்டிக்குப் பதின்மூன்று வருடம் முன்பே இந்த நாட்டில் மின்சாரம் பாடியிருக்கிறது.

ஆக, குடும்ப வரிசை இப்படி. ஒரே தாத்தாவின் வழியில் பம்பாயில் ஒரு மூத்த பிள்ளை, சிகாகோவில் ஓர் இளைய பிள்ளை. வம்சம் இளையவரின் வழியில்தான் பெருகியது. உலகம் பூராவும் ஆடுகிற பேரப்பிள்ளைகள் எல்லாம் சிகாகோ, டெட்ராய்ட் வாரிசுகள். அவர்களுக்கு சரண்ஜித் சிங் யார் என்று கேட்டால் நம் மொழியில் அழகான ஒரு சொல் இருக்கிறது: பெரியப்பா. வயதில் மூத்தவர், முகச்சாயல் அப்படியே, ஆனால் பெற்றவர் இல்லை. வெகு காலம் தொடர்பு விட்டுப்போய், தலை நரைத்தபின் ஒருநாள் வாசலில் வந்து நின்றவர். ‘முதலில் செய்தவர்’ என்ற மரியாதை அவருக்கு உண்டு. ‘அவரிடமிருந்து வந்தது’ என்று சொன்னால் சிகாகோப் பையன்களின் உழைப்பைத் திருடியதாகும். கறுப்பினத்தவர் செய்ததை மற்றவர்கள் தங்கள் பெயரில் எழுதிக்கொண்ட கதை உலகத்தில் போதுமான அளவு இருக்கிறது. நாம் வேறு அதில் சேர வேண்டாம்.

“அப்ப நம்ம ஆளு ஜெயிக்கலையா மாமா?” என்றான் பையன்.

“பெரியப்பாவுக்கு என்னடா தோல்வி? பந்தியில முதல் இலை அவருக்குத்தான்.”

கடைமடைக்கு வந்த தண்ணீர்

சரி, இந்த அடி எங்கள் ஊருக்கு எப்படி வந்தது? எங்கள் பக்கம் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். பாட்டும் அப்படியே. சிங்கப்பூர் சாமான் மட்டும் முன்னாலேயே வந்துவிடும். எழுபதுகளில் நாகப்பட்டினத்துக்கு ‘சிதம்பரம்’ கப்பல் வந்து நிற்கும் காலத்தில், பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து இறங்குகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கும். பெட்டி வந்துவிட்டது, அதில் போட வேண்டிய புது ஒலி வரவில்லை.

வந்தது 1986இல். இளையராஜா அந்த ஒரே வருடத்தில் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ இரண்டுக்கும் இசையமைத்தார். ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். நாகப்பட்டினத்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்த எனக்கு, கமலும் ரேவதியும் ஆடும் அந்தத் தீம் மியூசிக் வந்தபோது மயிர்க்கூச்செறிந்தது. நடனம் பார்க்கவில்லை, எந்தப் பெட்டி இப்படிப் பாடுகிறது என்று காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் ஒருவர் திலீப். அப்பா ஆர்.கே.சேகர் 1976இல் இறந்தபின், அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. மைக் செட் வாடகையில் வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி கூடுதலாக ஒட்டும். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது அந்த இளைஞருக்குப் பெயர் ஏ.ஆர்.ரஹ்மான். அதன் பிறகு தமிழ்நாட்டில் பெட்டி இல்லாத பாட்டே இல்லை என்றானது. மாதா பாட்டும் விலக்கில்லை.

பெட்டி வந்ததில் எல்லாரும் பிழைக்கவில்லை. எங்கள் ட்ரூப்பில் ரிதம் பாக்ஸ் வாங்கிய வருடம் காங்கோ வாசித்தவரை நிறுத்தினார்கள். பிறகு ஆக்டோபேட் வந்தது. டிரிபிள் டிரம், டோலக், தபலா என்று மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் குச்சியால் தட்டி முடித்தார். காங்கோக்காரர் டீக்கடை போட்டார். என் கீபோர்டு ஒரு வயலின்காரரையும் ஒரு புல்லாங்குழல்காரரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. சரண்ஜித் சிங் தபலாவை எடுத்துவிட்டார் என்று நாங்கள் ரசித்துப் பேசியபோது நாயனக்காரர் மட்டும் சிரிக்காமல் இருந்தார். தவில்காரர் கூலி அவருக்குத் தெரியும்.

பரணைப் பாருங்கள்

இந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. சரண்ஜித் சிங்கின் தட்டை மீட்டது யார்? எங்கிருந்தோ வந்த டச்சுக்காரர், பழைய சாமான் கடையில். அகமதாபாத் டேப்பை எடுத்தது லண்டன்காரர். நாம் வைத்த இடத்திலேயே நம் சொத்து கிடந்தது, நாம் பார்க்கவில்லை. தட்டு விற்காமல் போனது சரண்ஜித் சிங்கின் தோல்வி இல்லை. இருபது வருடம் ஒருவரும் அதைத் துடைத்து ஒருமுறை போட்டுக் கேட்காதது நம் தோல்வி.

எங்கள் அப்பாவும் ஒலிகளைச் சேர்த்து வைத்திருந்தார். எண்பதுகளின் திருவிழா ராத்திரிகளில், மேடையில் ட்ரூப் வாசித்ததை ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராகக் கேசட்டில் பிடித்து, உறையில் பேனாவால் தேதி எழுதி அடுக்கியிருந்தார். முதன்முதலாக ரிதம் பாக்ஸ் வைத்து மாதா பாட்டு வாசித்த ராத்திரியும் அதில் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது எல்லாம் மைக் செட் கடையோடு போய்விட்டது. மனிதர்கள் போன நாளில் கேசட்டைப் பற்றிப் பேசுவது அற்பம் என்று இருபது வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். இந்த ஊரில் டும் டும் அடி என்றைக்கு வந்தது என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

உங்களிடம் இருக்கலாம். லைட் மியூசிக் ட்ரூப் வைத்திருந்த மாமா, மைக் செட் வைத்திருந்த சித்தப்பா, கோயில் திருவிழாவை டேப்பில் பிடித்த அண்ணன் என்று யாராவது ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் கேசட்டோ தட்டோ கிடைத்தால் கிலோ கணக்கில் எடைக்குப் போடாதீர்கள். ரீலில் பூசணம் பிடித்திருந்தால் தேய்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுங்கள். உறையில் ஊர், வருடம், வாசித்தவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அந்த மூன்று வரிகள் இல்லாவிட்டால், பெரியப்பாவே வந்து நின்றாலும் நமக்கு அடையாளம் தெரியாது.